டவுன்லோட்ஸ் ஃபோல்டர் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

விண்டோஸ் பயன்படுத்துகிறவர்களின் பழைய புகார்களில் இதுவும் ஒன்று. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் பெரிய பெரிய ஐகானாக நிற்கும். அதை டீடெயில்ஸ் வியூவுக்கு மாற்றி, தேதிப்படி அடுக்கி, வேண்டாத நெடுவரிசைகளை எடுத்துவிட்டு, பெயர் முழுதாகத் தெரிகிற அளவுக்கு அகலத்தை இழுத்துவிட்டு மூடுவோம். கொஞ்ச நாள் கழித்துத் திறந்தால் மறுபடி பெரிய ஐகான். சில சமயம் இன்னும் மோசம், கரண்ட் பில்லும் வாடகை ரசீதும் இருக்கிற ஃபோல்டர் 'ஆர்ட்டிஸ்ட்', 'ஆல்பம்' என்று தலைப்பு போட்டுக்கொண்டு இசைக் கச்சேரிக்குத் தயாராக நிற்கும்.

தேடினால் தீர்வுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கிற பெரிய பதிவேடு, அதன் கிளைகளுக்குப் பெயர் 'கீ') ஒரு எண்ணை ஏற்று, அந்தக் கீயை அழி, இந்த பட்டனை அமுக்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு நிஜமாகவே பலித்திருக்கும், அதையே நாம் செய்தால் பலிக்காது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து காரணங்கள் இங்கே ஒரே அறிகுறியாகத் தெரிகின்றன, அதுதான் விஷயம். ஜுரம் என்று வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாதே. அதனால் இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

எங்கே எழுதி வைக்கிறது?

ஒரு ஃபோல்டர் எப்படித் தெரிய வேண்டும் என்ற தகவலை விண்டோஸ் அந்த ஃபோல்டருக்குள்ளே வைப்பதில்லை. எல்லாம் பயனர் கணக்கின் ரெஜிஸ்ட்ரியில் போய் உட்காருகிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே அதற்கு இரண்டு கீகள் உண்டு, ஒன்று 'பேக்எம்ஆர்யூ', இன்னொன்று 'பேக்ஸ்'. முதலாவது ஒரு மரம். டெஸ்க்டாப்பை வேராக வைத்து, அதற்குக் கீழே திஸ் பிசி, அதற்குக் கீழே சி டிரைவ், அப்புறம் அதனுள் இருக்கிற ஃபோல்டர்கள் என்று நாம் நுழைந்த வழியையெல்லாம் கிளை கிளையாகக் குறித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு எண். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு 'பேக்ஸ்' கீக்குப் போனால் அந்த ஃபோல்டரின் வியூ, ஐகான் அளவு, வரிசை, குழு, நெடுவரிசை எல்லாம் அங்கே இருக்கும். தடயவியல்காரர்கள் இந்த இரண்டையும் சேர்த்து 'ஷெல்பேக்ஸ்' என்கிறார்கள். அவர்களுக்கு இதில் என்ன வேலை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து இந்தக் கீகள் இடம் மாறின. இப்போது அவை ஹெச்கீ கரண்ட் யூசருக்குள் சாஃப்ட்வேர், கிளாசஸ், லோக்கல் செட்டிங்ஸ், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஷெல் என்று இறங்கிப்போனால் கிடைக்கும். எக்ஸ்பிக்கு எழுதின பழைய குறிப்பைப் பார்த்து விண்டோஸ் 10இல் தப்பான இடத்தில் மாற்றிவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று புலம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

400 என்ற எண்

முதல் சந்தேக நபர் இந்த எல்லைதான். எக்ஸ்பி வந்தது 2001இல். அதில் 400 ஃபோல்டர்களின் அமைப்புகளை மட்டும்தான் நினைவில் வைக்கும் என்று ஒரு வரம்பு இருந்தது. அந்தக் காலத்தில் யாரோ ஒருவருக்கு 400 என்பது தாராளமாகத் தெரிந்திருக்கும். டிஜிட்டல் கேமரா வந்து, விசேஷத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் நாளுக்கு ஒரு ஃபோல்டர் என்று குவிந்தபோது அது கொஞ்ச மாதத்திலேயே தீர்ந்தது. நாம் அமைப்பை மாற்றிய ஃபோல்டர்கள் மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும் என்றில்லை, சும்மா திறந்து எட்டிப் பார்த்தவையும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிரம்பிவிட்டால் பழையது வெளியே போக வேண்டியதுதான்.

மைக்ரோசாஃப்ட்டே இதை ஒரு உதவிக் குறிப்பில் ஒப்புக்கொண்டு, 'பேக்எம்ஆர்யூ சைஸ்' என்ற மதிப்பை உருவாக்கி எல்லையை 5000 ஆக ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னது. விஸ்டாவிலிருந்து 5000தான் வழக்கமான அளவு. (ரெஜிஸ்ட்ரி எடிட்டர் இந்தப் பெட்டியைப் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) முறையில்தான் திறக்கும், டெசிமல் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் 5000 என்று அடித்தால் 20,480 என்று போய்ச் சேரும். கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் நிறையப் பேருடைய கணினியில் அந்த வினோத எண் இருப்பதன் காரணம் இதுதான்.)

இன்றைக்கு இந்த எல்லைதான் பிரச்சினை என்பவர்களை நான் சுலபமாக நம்ப மாட்டேன். வீட்டுக் கணினியில் 5000 ஃபோல்டரைத் திறந்துபார்ப்பவர்கள் குறைவு. புகைப்பட ஸ்டூடியோ, ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி இடங்களில் வேண்டுமானால் நடக்கும். ஆனாலும் எங்கே தேடினாலும் முதலில் இந்தத் தீர்வுதான் வருகிறது, 20 வருடத்துக்கு முந்தைய நோய்க்கு எழுதின மருந்துச் சீட்டு இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது.

கணிப்பு

நிஜமான குற்றவாளி இது என்பது என் கட்சி. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

விண்டோஸ் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வகை வைத்திருக்கிறது. ஜெனரல் ஐட்டம்ஸ், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் என்று ஐந்து. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் டேபுக்குப் போனால் 'ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்' என்று இந்த ஐந்தும் வரும். இவை போக டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு என்று தனியாகவே ஒரு வகை உண்டு, லைப்ரரிகளுக்கு வேறு, தேடல் முடிவுகளுக்கு வேறு. ஒவ்வொரு வகைக்கும் தொழிற்சாலையிலிருந்தே வந்த ஒரு தோற்றம் இருக்கிறது. பிக்சர்ஸ் என்றால் பெரிய ஐகான், மியூசிக் என்றால் பாடகர், ஆல்பம்.

நாமாக வகையைச் சொல்லாத ஃபோல்டருக்கு எக்ஸ்ப்ளோரர் (ஃபோல்டர்களைத் திறந்துகாட்டுகிற விண்டோஸின் ப்ரோகிராம்) உள்ளே இருக்கிற ஃபைல்களை மோந்து பார்த்து ஒரு வகையைக் கணித்துக்கொள்ளும். மோந்து பார்ப்பது என்று நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, ரெஜிஸ்ட்ரியில் அந்த மதிப்பின் பெயரே 'ஸ்னிஃப்டு ஃபோல்டர்டைப்'. எக்ஸ்பியிலேயே இதன் விதை உண்டு, விஸ்டாவில்தான் ஆட்டம் அதிகமானது. மியூசிக் வகையாக மாறிப்போன ஃபோல்டர்களைப் பற்றிய புகார்கள் அப்போதுதான் குவிந்தன.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. நம் அமைப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். 'பேக்ஸ்' கீக்குள் ஃபோல்டரின் எண், அதற்குள் 'ஷெல்', அதற்குள் அந்த ஃபோல்டர் வகையின் நீண்ட அடையாள எண், அதற்குள்தான் வியூ, வரிசை எல்லாம் இருக்கின்றன. அதாவது நீங்கள் வைத்த அமைப்பு ஃபோல்டரோடு மட்டும் கட்டப்படவில்லை, அந்த நேரத்தில் அந்த ஃபோல்டர் எந்த வகையாகக் கருதப்பட்டதோ அந்த வகையோடும் சேர்த்துக் கட்டப்படுகிறது. ஜெனரல் வகையாக இருந்தபோது டீடெயில்ஸ் வைத்தீர்கள். அப்புறம் அதே ஃபோல்டரில் செல்போனிலிருந்து கொஞ்சம் படங்களைக் கொட்டினீர்கள். எக்ஸ்ப்ளோரர் இதைப் பிக்சர்ஸ் என்று கணித்துவிட்டால், பிக்சர்ஸ் என்ற அடையாள எண்ணுக்குக் கீழே உங்கள் அமைப்பைத் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது, தொழிற்சாலைத் தோற்றத்தைப் போட்டுவிடும். நீங்கள் வைத்த டீடெயில்ஸ் அழியவே இல்லை, பக்கத்திலேயே ஜெனரல் வகையின் கீழே பத்திரமாகத்தான் கிடக்கிறது. யாரும் போய்ப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பயனர் வாயைத் திறந்து 'இது இப்படித்தான் இருக்கணும்' என்று சொன்ன பிறகும் ஒரு யூகம் அதற்கு மேலே போய் உட்காருகிறது பாருங்கள், அந்த அடுக்குதான் தப்பு. யூகிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். புதிதாக ஒரு ஃபோல்டரில் நூறு படம் இருந்தால் சிறுபடமாகக் காட்டுவது நல்ல காரியம்தான். ஆனால் யூகம் ஒரு தடவை மட்டும் நடந்து, பயனர் கை வைத்தவுடன் ஓய்ந்துவிட வேண்டும்.

இந்தக் கணிப்பால் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. பிக்சர்ஸ் வகையில் டீடெயில்ஸ் வைத்தால் 'டேட் மாடிஃபைடு' என்பதற்குப் பதிலாக வெறும் 'டேட்' என்று ஒரு நெடுவரிசை வரும். கேமரா படம் என்றால் அது படம் எடுத்த தேதியைக் காட்டும், படத்துக்குள் அந்தத் தகவல் இல்லையென்றால் ஃபைலின் வேறொரு தேதியை எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி உட்பட உள்தகவல்கள் உரிக்கப்பட்டுவிடும் என்பதால், ஒரே கல்யாணத்தின் கேமரா படங்களும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவையும் கலந்து கிடக்கிற ஃபோல்டரைத் தேதிப்படி அடுக்கினால் முகூர்த்தம் ஒரு பக்கம், பந்தி இன்னொரு பக்கம் என்று சிதறும். இரண்டாவது தொல்லை வேகம். ஆயிரக்கணக்கான ஃபைல் இருக்கிற ஃபோல்டரைப் பிக்சர்ஸ் அல்லது வீடியோஸ் என்று கணித்துவிட்டால், ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் போய்ப் படம் எடுத்த தேதியையோ ஓடும் நேரத்தையோ படிக்க ஆரம்பிக்கும், மேலே பச்சைப் பட்டை மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஃபோல்டரை ஜெனரல் ஐட்டம்ஸுக்கு மாற்றினாலே பல சமயம் சட்டென்று திறந்துவிடுகிறது.

'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' பட்டன் ஏன் பாதி வேலைதான் செய்கிறது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ டேபில் இருக்கிற அந்தப் பட்டன் எல்லா ஃபோல்டருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது அதே வகை ஃபோல்டர்களுக்கு மட்டும்தான். சி டிரைவில் நின்று அமுக்கினால் ஜெனரல் வகைக்குப் போகும், பிக்சர்ஸைத் தொடாது, டவுன்லோட்ஸையும் தொடாது.

ஒரே ஃபோல்டர், பல வாசல்

இனி சின்னச் சின்னக் காரணங்கள். பேக்எம்ஆர்யூ என்பது நாம் நுழைந்த வழியின் மரம் என்று சொன்னேன் அல்லவா, அதனால் திஸ் பிசியிலிருந்து நேராக டவுன்லோட்ஸுக்குப் போவதும், சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர் என்று இறங்கி அதே டவுன்லோட்ஸுக்குப் போவதும் மரத்தில் வேறு வேறு கிளைகளாகப் பதிவாகலாம். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ பழைய பதிவு அனாதையாகிவிடும். ஒன்டிரைவ் உங்கள் டாக்குமெண்ட்ஸையும் பிக்சர்ஸையும் தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொண்டாலும் இதே கதை, பாதை மாறிவிட்டது. பென்டிரைவ் விஷயத்தில் டிரைவ் எழுத்தை வைத்துத்தான் பதிவு, நேற்று ஈ ஆக இருந்தது இன்று எஃப் ஆக வந்தால் அது புது ஆள்.

ஃபைல் ஓபன், சேவ் பெட்டிகள் இன்னொரு தனி உலகம். எக்ஸ்ப்ளோரர் ஜன்னலில் நீங்கள் வைக்கிற அமைப்பு 'ஷெல்' என்ற துணைக் கீயில் போனால், இந்தப் பெட்டிகளின் அமைப்பு 'காம்டிஎல்ஜி' என்ற வேறு துணைக் கீயில் போகிறது. எக்ஸ்ப்ளோரரில் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துவிட்டு, மெயிலில் ஃபைல் இணைக்கப் போனால் பழைய கோலத்தில் நிற்கிறதே என்று எரிச்சல்படுவதற்குக் காரணம் இதுதான்.

வேண்டுமென்றே எடுத்தவை

இதுவரை சொன்னதெல்லாம் வடிவமைப்பின் பக்கவிளைவு. சிலவற்றை அவர்களே தூக்கிவிட்டார்கள். எக்ஸ்பியில் ஒவ்வொரு ஃபோல்டரின் ஜன்னலும் கடைசியாகத் திரையில் எங்கே, எவ்வளவு பெரிதாக இருந்ததோ அங்கேயே திறக்கும். 2009இல் வந்த விண்டோஸ் 7இல் இது போய்விட்டது, எந்த ஃபோல்டராக இருந்தாலும் கடைசியாக மூடிய ஜன்னலின் அளவில்தான் திறக்கிறது. 'ரிமெம்பர் ஈச் ஃபோல்டர்ஸ் வியூ செட்டிங்ஸ்' என்று ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் இருந்த டிக் பெட்டியும் அதோடு போனது.

2019 மே மாதத்தில் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரின் வழக்கத் தோற்றமே மாறியது. புதியது மேலே, அதுவும் இன்று, நேற்று, போன வாரம் என்று தலைப்புப் போட்டுக் குழுவாக. கடைசியாக இறக்கியதைத்தானே தேடுவோம், அதனால் புதியது மேலே வருவது சரிதான். குழுத் தலைப்புகளை யார் கேட்டார்கள் என்றுதான் தெரியவில்லை. பெயர்ப்படி வரிசைப்படுத்த நினைத்து நெடுவரிசைத் தலைப்பைத் தட்டினால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் தனித்தனியாகப் பெயர் வரிசை வந்து குழப்பும். முதலில் ரைட் கிளிக் செய்து 'குரூப் பை' என்பதில் 'நன்' என்று வைத்தால்தான் மற்றது எதுவும் எடுபடும்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

மேக்கில் எக்ஸ்ப்ளோரரின் இடத்தில் இருக்கிற ஃபைண்டர் இந்தத் தகவலை அந்தந்த ஃபோல்டருக்குள்ளேயே '.டிஎஸ்_ஸ்டோர்' என்ற மறைவான ஃபைலில் எழுதுகிறது. ஃபோல்டரை நகர்த்தினால் அமைப்பும் கூடவே போகும், பாதை மாறியதால் மறந்துபோகிற சிக்கல் இல்லை. அதற்கு விலையும் உண்டு, மேக்கில் செருகிய பென்டிரைவை விண்டோஸில் போட்டால் மேக்கில் திறந்துபார்த்த ஃபோல்டர்களில் இந்த ஃபைல் கிடக்கும், ப்ரோகிராமர்கள் கோடைச் சேமிக்கிற கிட் (Git) என்ற கருவியில் தெரியாமல் ஏறிவிடும், வெப் சர்வரில் அப்படியே போய் உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று வெளியாருக்குக் காட்டிக்கொடுக்கும். நெட்வொர்க் டிரைவ்களில் இதை எழுதாதே என்று சொல்ல ஆப்பிளே ஒரு தனிக் கட்டளை வைத்திருக்கிறது.

லினக்ஸில் கேடிஇ என்ற டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான டால்ஃபின்தான் எனக்குப் பிடித்த பதில். எல்லா ஃபோல்டருக்கும் ஒரே தோற்றமா, ஒவ்வொரு ஃபோல்டரின் தோற்றத்தையும் தனியாக நினைவில் வைக்கவா என்று அமைப்புகளில் பச்சையாகக் கேட்கிறது. இந்தக் கேள்வியை விண்டோஸ் கேட்பதே இல்லை. லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான க்னோம் 2004இல் 2.6 பதிப்பில் மறுபக்கம் போய்ப் பார்த்தது, ஒவ்வொரு ஃபோல்டரும் தன் சொந்த ஜன்னலில், தன் சொந்த இடத்தில், சொந்த அளவில் திறக்கும். நினைவாற்றலில் குறையே கிடையாது, ஆனால் நாலு அடுக்கு உள்ளே போனால் திரை முழுக்க ஜன்னல். நிறையப் பேர் திட்டினார்கள், பின்னாளில் அதைக் கைவிட்டார்கள்.

மறக்கவே மறக்காத பக்கம்

தடயவியல்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கணினியில் ஒருவர் எந்தெந்த ஃபோல்டரைத் திறந்தார் என்று நிரூபிக்க இந்த ஷெல்பேக்ஸ் அருமையான சாட்சி. ஃபோல்டரை அழித்திருந்தாலும், அது இருந்த பென்டிரைவைக் கழற்றி எறிந்திருந்தாலும், பேக்எம்ஆர்யூ மரத்தில் பெயரும் சில தேதிகளும் தங்கியிருக்கும். இதை வைத்துப் பயனரின் நடவடிக்கைகளைத் திரும்பக் கட்டுவது எப்படி என்று 2009லேயே டிஜிட்டல் இன்வெஸ்டிகேஷன் இதழில் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. இதைப் படித்துக் காட்டவே ஷெல்பேக்ஸ் எக்ஸ்ப்ளோரர், நிர்சாஃப்டின் ஷெல்பேக்ஸ்வியூ என்று இலவசக் கருவிகள் இருக்கின்றன. உங்கள் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எப்போதோ அழித்த ஃபோல்டர்களின் பெயரெல்லாம் வரிசையாக வரும். நாம் கேட்ட டீடெயில்ஸ் வியூவைக் காட்டத் தெரியாதவனுக்கு இதெல்லாம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சரி, என்ன செய்வது?

கணிப்பை அணைப்பதுதான் வேர். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் மேலே சொன்ன ஷெல் கீக்குப் போங்கள். முதலில் அதை ஏற்றுமதி செய்து ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள், இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிறகு பேக்ஸ், பேக்எம்ஆர்யூ இரண்டையும் அழித்துவிட்டு, புதிதாக பேக்ஸ், அதற்குள் ஆல்ஃபோல்டர்ஸ், அதற்குள் ஷெல் என்று கீகளை உருவாக்கி, அதில் ஃபோல்டர்டைப் என்ற ஸ்ட்ரிங் மதிப்புக்கு 'நாட்ஸ்பெசிஃபைடு' என்று கொடுக்க வேண்டும். இந்தப் பெயர்களையெல்லாம் ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல், இடைவெளி விடாமல் அடிக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, சி டிரைவைத் திறந்து டீடெயில்ஸ், குரூப் பை நன், வேண்டிய நெடுவரிசைகள் என்று வைத்து, அப்ளை டு ஃபோல்டர்ஸை அமுக்குங்கள். இப்போது அது உருப்படியாக வேலை செய்யும், பெரும்பாலான ஃபோல்டர்கள் ஒரே வகையாகிவிட்டன. டவுன்லோட்ஸை மட்டும் தனியாகத் திறந்து அமைக்க வேண்டும்.

இதில் இழப்பும் உண்டு. பழைய அமைப்புகள் எல்லாம் போகும், படங்கள் இருக்கிற ஃபோல்டர்கள் தானாகப் பெரிய ஐகானுக்கு மாறாது, வேண்டியதை நீங்களே கஸ்டமைஸ் டேபில் பிக்சர்ஸ் என்று சொல்ல வேண்டும். நாமாகச் சொல்லிய வகையை விண்டோஸ் மதிக்கிறது என்பதால் அது நிற்கும். ஸ்டூடியோக்காரர்களுக்கு இது ஒத்துவராது, அவர்கள் கணிப்பை விட்டுவைத்துவிட்டு பிக்சர்ஸ் வகையின் தோற்றத்தை மட்டும் திருத்திக்கொள்வது நல்லது.

ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கப் பயம் என்றால் மென்பொருள்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் வின்செட்வியூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் வியூ, நெடுவரிசை, வரிசை, குழு என்று ஒரே ஜன்னலில் தேர்ந்தெடுத்தால் இதையெல்லாம் அதுவே எழுதும், மாற்றுவதற்கு முன் பழையதைக் காப்பும் எடுத்துக்கொள்ளும். நான் யாருக்காவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஜன்னலின் இடமும் அளவும் நினைவில் இருப்பது மட்டும் இதாலும் வராது, அந்த வசதியே இப்போது எக்ஸ்ப்ளோரரில் இல்லை. எல்லாம் மனசுக்குப் பிடித்தபடி அமைந்ததும் ஷெல் கீயை இன்னொரு தடவை ஏற்றுமதி செய்து வேறு டிரைவில் போட்டுவையுங்கள். பெரிய அப்டேட் ஒன்று வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டால், இருக்கிற பேக்ஸ், பேக்எம்ஆர்யூ இரண்டையும் அழித்துவிட்டு அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்து, எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யலாம்.